தண்ணீரில் போடக் கூடாத தட்டான்கள்

எங்கள் சந்தில் கத்திக்குத்து வழக்கில் உள்ளே போய் வந்தவர்கள் உண்டு. ஆனால் என் கடை எம்பிராய்டரி மெஷினைப் போல விடாமல் குத்தக்கூடியவன் ஒருவனும் இன்னும் பிறக்கவில்லை. அது குத்துகிற வேகத்தில் ஊசி கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும்தான். தூத்துக்குடி கடற்கரைச் சாலைக்குப் பின்னால் இருக்கிற அந்தக் கடைக்கு எஜமான் சிவப்பிரகாஷ், அதாவது நான், என்று பெயர்ப்பலகை சொல்லும். உண்மையில் மெஷின் ஓடும்போது நான் ஒரு முழம் தள்ளித்தான் நிற்பேன். தைரியம் வைக்க வேண்டிய இடத்தில் ஆண்டவன் எனக்கு வாயை வைத்து அனுப்பிவிட்டான்.

பள்ளிக்கூடச் சட்டைப் பைக்குச் சின்னம், ஜவுளிக்கடைத் தொப்பிக்குப் பெயர் என்று நேர்மையாகப் பிழைத்துக்கொண்டிருந்த மெஷினைப் பூச்சி பிடிக்க விட்டவள் என் தங்கச்சி முத்துச்செல்வி.

அவள் பொங்கல் கழிந்த வாரம் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு என் கடைக்கு வந்தாள். கட்டுக்குக் காரணம் அவள் புருஷன் வேல்ராஜ். முள்ளக்காட்டுப் பக்கம் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவன். பாத்தியில் உப்பை வாரி இழுக்க நீளக் கம்பு மாட்டிய பலகை ஒன்று உண்டு, வாருபலகை என்பார்கள். அந்தக் கம்பால் அடித்திருந்தான். தலைக்கு வந்த அடி. கையைத் தூக்கித் தடுத்ததால் கையோடு போயிற்று. அதற்கு முந்திய தடவை காது. அதற்கும் முந்தி விலா. ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து காப்பி குடித்து, பொறுத்துப் போகச் சொல்லி அனுப்பிவைத்தார்கள். இந்தத் தடவையும் காப்பி வந்தது. அவள் குடிக்கவில்லை.

"இனி நான் அங்க போனா, நீங்க வந்து என்னையத் தூக்கிட்டுத்தான் வருவிய," என்றாள்.

 தூக்கிக்கொண்டு வருவது என்றால் என்ன என்று காப்பி குடித்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் என் கம்ப்யூட்டரை நோண்ட ஆரம்பித்தாள். துணியே இல்லாமல் நூலால் மட்டும் பூச்சி செய்வதை எங்கேயோ வீடியோவில் பார்த்திருக்கிறாள். தண்ணீரில் கரைகிற தாள் ஒன்று கிடைக்கிறது. அதைத் துணிக்குப் பதிலாகப் பிரேமில் இறுக்கி, அதன் மேல் மெஷினை ஓடவிட வேண்டும். தைத்து முடித்ததும் தண்ணீரில் போட்டால் தாள் கரைந்து போகும். பூச்சி மட்டும் மிஞ்சும். கேட்பதற்குச் சுலபம். அவள் செய்த முதல் தட்டானைத் தண்ணீரில் போட்டதும் தாளோடு தட்டானும் போயிற்று. மிஞ்சியது சீப்பில் சிக்கிய முடி மாதிரி ஒரு நூல் உருண்டை. நான் அதற்கு மாலை போட்டு அடக்கம் செய்யலாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. அடியில் ஒரு வலை பின்னி, வலையின் கண்ணியில் கண்ணி மாட்டி, அதன் மேல்தான் உடம்பும் சிறகும் ஓட வேண்டும் என்று கண்டுபிடித்தாள். கீழே அடிநூல் ஓடுகிற பாபினிலும் அதே நூல்தான் போட வேண்டும், அப்போதுதான் இரண்டு பக்கமும் முகம். அலசும்போதும் முழுக்க அலசிவிடக் கூடாது. தாளின் பசை கொஞ்சம் நூலில் நிற்க வேண்டும். அப்படியே குண்டூசியால் தெர்மாகோலில் அறைந்து காயவைத்தால் சிறகு விறைத்து நிற்கும்.

கட்டுப் பிரித்தபோது அவள் கையில் குளவி இருந்தது, கருவண்டு இருந்தது, கும்பிடுபூச்சியும் இருந்தது. கும்பிடுபூச்சியில் பெண் பெரிது, ஆண் சிறிது. ஜோடி சேர்ந்த கையோடு பெண் ஆணின் தலையைத் தின்றுவிடும் என்று எனக்கு விளக்கினாள். அன்றிலிருந்து நான் அவளுக்குச் சாப்பாடு நேரத்துக்கு வாங்கிக் கொடுத்துவிடுவேன்.

மணப்பாட்டிலிருந்து அந்தோணியம்மாள் வந்தது அதற்குப் பிறகு. கருவாட்டு வியாபாரி. கடைக்குள் நுழைந்தால் அவருடைய குரலும் கருவாடும் யார் முந்தி என்று போட்டி போடும். மகள் விக்டோரியாவுக்குக் கல்யாணம். மணப்பெண் தலையில் போடுகிற நெட்டின் ஓரம் முழுக்க வெள்ளைத் தட்டான் உட்கார்ந்திருக்க வேண்டும், பறக்கப் போகிற மாதிரி. மழைக்கு முந்தி மணப்பாட்டு மேட்டில் கடலைப் பார்த்துக்கொண்டு தட்டான் கூட்டமாய்ப் பறக்குமாம். அந்த நாளில் பிறந்தவளாம் மகள். முத்துச்செல்விக்கு இதுதான் முதல் பெரிய ஆர்டர். இது நிலைத்துவிட்டால் தானும் சொந்தக் காலில் நின்றுவிடலாம் என்று அவள் நினைத்தது, இரவும் பகலும் அவள் மெஷினை விரட்டிய விதத்திலேயே தெரிந்தது. நான் பள்ளிக்கூடச் சின்னங்களை ஓரங்கட்டினேன்.

மழை முந்திக்கொண்டது. ஐப்பசி பிறக்கும் முன்னாலேயே ஒரு சாயங்காலம் கொட்டித் தீர்த்தது. வேல்ராஜ் அம்பாரம் அம்பாரமாய்க் குவித்து வைத்து, விலை ஏறட்டும் என்று மூடாமல் விட்டிருந்த உப்பு முழுக்கக் கரைந்து ஓடிவிட்டது. வீட்டில் பொம்பளை இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று சாராயக்கடையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தானாம். மழை பெய்ததற்கும் என் தங்கச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. ஆனால் நான் அங்கே போய்க் கேட்கிற ஆள் இல்லை.

மூன்று நாள் கழித்து நல்ல மத்தியானத்தில் வந்தான்.

கடைசித் தட்டான் மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது. தைத்து முடித்த தாள்கள் மேஜையில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. மறுநாள் காலையில் அந்தோணியம்மாள் வருவதற்குள் எல்லாவற்றையும் அலசிக் காயவைக்க வேண்டும். அதற்காகப் பின்கட்டில் நீல டிரம் நிறையத் தண்ணீர் பிடித்து வெயிலில் வைத்திருந்தோம். வெதுவெதுவென்று இருந்தால் தாள் சீக்கிரம் கரையும்.

முதலில் முன்கண்ணாடி உள்ளே வந்தது. அதன் பின்னால்தான் வேல்ராஜ். கையில் லாரி ஜாக்கியின் இரும்புக் கம்பி.

"வாங்க மாப்ள, கதவு திறந்துதானே கிடக்கு" என்று சொன்னேன். பயத்தில் எனக்கு இப்படித்தான் வாய் ஓடும். கம்பி என் விலாவில் இறங்கியது. ஈரக் கட்டையை முறிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, அது என்னுடையது என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கீழே விழுந்த என் வாயில் மிதித்தான். எனக்கு எது பலமோ அதைத் தேடி மிதித்தான் என்று நினைக்கிறேன். ஒரு பல் உருண்டு இஸ்திரி மேஜைக்கு அடியில் போனது.

முத்துச்செல்வி ஓடவில்லை. ஓட இடமும் இல்லை. அவள் முடியைக் கையில் சுற்றிப் பிடித்து, மேஜை முனையில் முகத்தை ஒரு தடவை மோதினான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. சந்து முனையில் டீக்கடை நடத்துகிற பேச்சியக்கா வாசலில் வந்து கத்தினாள். டீ குடித்துக்கொண்டிருந்த ஆம்பிளைகளும் வந்தார்கள். புருஷன் பெண்டாட்டி விவகாரம் என்று தெரிந்ததும் கண்ணாடித் துண்டுகளுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார்கள். ஒருவர் கையில் டீ இன்னும் இருந்தது.

"வீட்டுக்கு வாளான்னு கூப்பிட்டா, பூச்சி புடிக்கியா பூச்சி? இந்தக் கை இருந்தாத்தான புடிப்ப?"

சொல்லிக்கொண்டே அவள் கையை இழுத்து, ஓடிக்கொண்டிருந்த ஊசிக்கு அடியில் வைத்து அழுத்தினான்.

அவள் கத்திய கத்தலை நான் எழுதப் போவதில்லை. ஆள்காட்டி விரலின் நகத்தைத் துளைத்துக்கொண்டு ஊசி உள்ளே போய் முறிந்தது. மெஷின் நின்றது. நூல் அறுந்துவிட்டது, சரிபார்க்கவும் என்று திரையில் எழுத்து வந்து, குருவி மாதிரி மரியாதையாக மூன்று தடவை கூவியது. பிரேமில் இருந்த அரைத் தட்டான் மேல் ரத்தம் பரவியது. ரத்தம் பட்ட இடத்தில் தாள் கரைந்து ஓட்டை விழுந்தது. அவன் கண்ணை முழித்து அந்த ஓட்டையைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

பிறகு கம்பியைத் தூக்கினான், மெஷினுக்கு மேலே.

அப்போது முத்துச்செல்வி பேசினாள். சத்தமே இல்லை. மூக்கு ரத்தம் உதட்டில் இறங்க இறங்கப் பேசினாள்.

"மெஷினை உடைச்சுக்கிடுங்க. என்னைய வேணாலும் அடிங்க. அந்தத் தாளை மட்டும் தண்ணியில போட்ராதிய. அம்புட்டும் கரைஞ்சிரும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தரையில் கிடந்த நான் வாயைத் திறந்தேன். ஏளா, அதைத் தண்ணீரில் போடத்தானே வேண்டும், அதற்குத்தானே டிரம்மே வைத்திருக்கிறோம் என்று அவளைத் திருத்துவதற்காக. சத்தியமாகச் சொல்கிறேன், பல் போன வாயோடு திருத்தப் போனேன். அவள் குதிகால் என் விரல்களின் மேல் ஏறி நின்றது. எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் விளங்கும்.

வேல்ராஜின் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. அவன் உப்புக்காரன். தண்ணீர் என்ன செய்யும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மூன்று நாளாக அவன் பார்த்துக்கொண்டிருந்ததே அதைத்தான். வருஷ உழைப்பு வெள்ளையாய்க் குவிந்திருந்த இடத்தில் ஒரு குட்டை. தன் கையால் அதை இன்னொருவருக்குச் செய்து பார்க்க வேண்டும் போல அவனுக்கு இருந்திருக்கும்.

"என் உப்பு கரையும்போது நீ எங்கன போயிருந்த? இப்ப நின்னு பாரு."

கம்பியைச் சுவரில் சாய்த்தான். தாள்களை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு, கதவு வழியே டிரம் தெரிந்த பின்கட்டுக்குப் போனான். அத்தனையையும் டிரம்மில் போட்டு, தோள் வரை கையை விட்டுக் கலக்கினான். தாள் கரைகிறதைப் பார்த்து உற்சாகம் வந்துவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு நொடியில் கஞ்சி மாதிரி ஆயிற்று. அவன் இன்னும் குனிந்தான். அடியில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கப் பாதி உடம்பை டிரம்முக்குள் விட்டான்.

நான் எப்படியோ எழுந்து கம்பியை எடுத்திருந்தேன். அவன் முதுகுக்குப் பின்னால் நின்று ஓங்கினேன். ஓங்கியது சரியாகவே ஓங்கினேன். இறங்க மாட்டேன் என்றது. முதுகெலும்பு சட்டைக்குள்ளே தெரிந்தது. அந்தச் சட்டை நான் எடுத்துக் கொடுத்த தீபாவளிச் சட்டை என்பது வேறு அப்போது பார்த்து ஞாபகம் வந்து தொலைத்தது.

"அண்ணே, அதைக் கீழ போடு. காலைப் புடி," என்றாள் முத்துச்செல்வி.

அவள் ஒரு காலை வாரினாள். நான் மற்றதை வாரினேன். வேல்ராஜ் தலைகீழாய் டிரம்முக்குள் போனான்.

தண்ணீர் விளிம்பு வழிந்தது. உள்ளே கை பதறி டிரம்மை அடித்தது. பசை பிடித்த உட்சுவரில் பிடி கிடைக்கவில்லை. கால் உதைத்ததில் என் உடைந்த விலாவில் ஒன்று விழுந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது, ஆனாலும் விடவில்லை. அவள் மறு காலை மார்போடு கட்டிப் பிடித்திருந்தாள். முறிந்த ஊசி இன்னும் விரலில் நின்றது. ரத்தம் அவன் வேட்டியில் சொட்டியது. குமிழ் பெரிது பெரிதாக வந்தது. அப்புறம் சிறிதாக வந்தது. உதை தளர்ந்தது. டிரம்முக்குள்ளிருந்து ஒரு சத்தம், குழாயில் கடைசித் தண்ணீர் போகிற மாதிரி.

"போதும்ளா," என்றேன்.

அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். கோபம் இல்லை. தெர்மாகோலில் சிறகை அறையும்போது எப்படி இருப்பாளோ, அப்படி, வேலையில் கவனமாக இருந்தாள்.

நான் அவன் காலை விட்டுவிட்டு, என்னால் முடிந்த மட்டும் டிரம்மை உதைத்தேன்.

அது சாய்ந்து உருண்டது. வேல்ராஜ் பசைத் தண்ணீரோடு தரையில் வழிந்தான். வாந்தி எடுத்தான். மூச்சு வந்தது. அவனைச் சுற்றிலும் அவன் மேலும் வெள்ளைத் தட்டான்கள். கரையவில்லை. ஒரு கண்ணிகூட அவிழவில்லை.

முத்துச்செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏம்ணே?"

"தட்டான் ரொம்ப ஊறுனா விறைப்புப் போயிரும்லா," என்றேன்.

 அவள் போய்க் கம்பியை எடுத்து வந்து, மல்லாந்து கிடந்தவனின் வலது மணிக்கட்டின் மேல் குறுக்கே வைத்து, அதன் மேல் ஒரு காலை லேசாக வைத்தாள். ஐப்பசிக்கு முந்திய வெயில் சும்மா இருக்குமா? பசை அவன் இமைகளில் காய ஆரம்பித்திருந்தது. கண்ணைத் திறக்க முடியாமல் தலையை உருட்டினான். தலைமுடியில், மீசையில், கழுத்தில், சட்டைப் பொத்தானில் என்று எல்லா இடத்திலும் தட்டான் ஒட்டிக் கிடந்தது.

"ஏலே வேலு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. தெரு வாசலிலிருந்து பின்கட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஆம்பிளைகளில் டீ வைத்திருந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அசையாத. உன் மேல என் பூச்சி கிடக்கு. எடுக்கணும். அசைஞ்சா, கையில ஏறி நிப்பேன்."

அவன் அசையவில்லை. அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். மீசையிலிருந்து எடுத்தபோது மீசையும் கொஞ்சம் வந்தது. புருவத்திலிருந்து எடுத்தபோது புருவம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவன் உடம்பு தூக்கிப் போட்டது. கம்பி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அழுந்தியது. நான் பக்கத்திலேயே தெர்மாகோலைப் பரப்பி வைத்துக் காத்திருந்தேன். குண்டூசி குத்துவது என் வேலை. அதில் என்னையே இரண்டு இடத்தில் குத்திக்கொண்டேன்.

பேச்சியக்கா போன் போட்டு வரவழைத்த போலீஸ் ஜீப் வந்தபோது அவள் காதோரத்தில் இருந்ததை எடுத்துக்கொண்டிருந்தாள். ஜீப்பில் வந்த பெண் எஸ்.ஐ. கடையையும் கண்ணாடியையும் என்னையும் பார்த்தார். கடைசியில் தரையில் கிடந்தவனைப் பார்த்து, இந்த ஆளுக்குக் கண்ணில் என்ன என்று கேட்டார்.

"தண்ணி ஊத்துங்க மேடம். கரைஞ்சிரும்," என்றாள் முத்துச்செல்வி. பிறகு அவன் பக்கம் திரும்பி, "அது வெறும் தாளுலே. தண்ணிக்குத் தாளுதான் கரையும். என் பூச்சி கரையாது," என்றாள்.

ஒரு செம்புத் தண்ணீரில் கண் திறந்தது. அவன் முதலில் பார்த்தது தெர்மாகோலைத்தான். வரிசை வரிசையாய்ச் சிறகு விரித்து உட்கார்ந்திருந்தன. உப்பு கரைந்த அன்றைக்குக்கூட அவன் அப்படிப் பார்த்திருக்க மாட்டான்.

ஆஸ்பத்திரியில் எனக்கு விலாவைக் கட்டினார்கள். அவளுக்கு விரலிலிருந்து ஊசியை எடுத்தார்கள். ஸ்டேஷனுக்குள் நாங்கள் போனபோது வேல்ராஜின் அப்பா ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். மருமகளே, குடிபோதையில் ஏதோ நடந்துவிட்டது, புகார் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடு என்றார். யாரோ காப்பிகூட வாங்கி வரச் சொன்னார்கள். முத்துச்செல்வி கட்டுப் போட்ட விரலை மேஜை மேல் வைத்தாள். பக்கத்தில், ஒரு தாளில் மடித்துக் கொண்டுவந்திருந்த ஊசியின் முறிந்த நுனியையும் வைத்தாள்.

"புகாரை எழுதிக்கிடுங்க மேடம். நான் போக மாட்டேன்."

மேடம் காப்பியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுதினார். வேல்ராஜை உள்ளே கூட்டிக்கொண்டு போனபோது அவன் பின்மண்டையில் இன்னும் ஒரு தட்டான் ஒட்டியிருந்தது. நான் எழுந்து, சார், அது எங்கள் கடைச் சரக்கு என்றேன். காவலர் என்னை முறைத்தார். ஆனாலும் பிடுங்கிக் கொடுத்தார். முடியோடுதான் வந்தது.

காலையில் அந்தோணியம்மாள் வந்தார். உடைந்த கண்ணாடி, என் வாய், முத்துச்செல்வியின் மூக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. பேச்சியக்கா டீயோடு சேர்த்து எல்லாவற்றையும் முன்னமே கொடுத்துவிட்டிருந்தாள். ஒரு தட்டானை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். சிறகை ஊதிப் பார்த்தார். அது லேசாக அதிர்ந்தது, பறக்கப் போகிற மாதிரியே.

"இதுல ஒரு முடி சிக்கிக் கிடக்கே. கருப்பா?"

"எடுத்துருதேன் ஆச்சி," என்றாள் முத்துச்செல்வி.

"எதுக்கு? கிடக்கட்டும். என் மகளைக் கட்டப் போறவன்ட்ட காட்டுதேன்," என்று சொல்லிவிட்டு அதை மட்டும் தனியே முந்தானையில் முடிந்துகொண்டார்.

அவர் போன பிறகு முத்துச்செல்வி மெஷினைத் துடைத்தாள். ரத்தம் பட்ட தாளைப் பிரேமிலிருந்து எடுத்துக் குப்பையில் போட்டாள். புது ஊசி மாட்டினாள். விரல் கட்டோடு இருந்ததால் திருகைத் திருப்ப முடியவில்லை, நான் திருப்பினேன். கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன், என் வாய் அப்படி.

"நேத்து நான் டிரம்மை உதைக்கலன்னா நீயே விட்டிருப்பியா?"

அவள் கம்ப்யூட்டரில் அடுத்த பூச்சியைத் தேடிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"விட்டிருக்க மாட்டேன்."

திரையில் கும்பிடுபூச்சி வந்தது, பெண். அதைப் பெரிதாக்கினாள். மெஷின் குத்த ஆரம்பித்தது.

நான் ஒரு முழம் தள்ளி நின்றேன். அப்புறம், கண்ணாடித் துண்டுகள் கிடக்கிற வாசலைப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.